எட்டு மாதம் கேட்ட ஒரு சொல்

ராத்தா,

இன்று காலை பாலாவிச் சந்தியில் நான் வந்த பஸ் நின்றது. பக்கத்தில் சிறைச்சாலை பஸ் ஒன்றும் வந்து நின்றது. சிமெந்து லொறி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால் இரண்டுக்கும் நகர வழியில்லை. யன்னலுக்கும் யன்னலுக்கும் இடையில் ஒரு முழம்கூட இராது. நான் முதலில் அதைப் பார்க்கவில்லை. நாற்றம்தான் வந்தது. ஈரம் காயாத உடுப்பு, வியர்வை, மூத்திரம், அதற்கு மேலே தெளித்த பினாயில். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. கம்பி வலையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். பெண் விரல்கள். லொறி திரும்பி முடிந்ததும் அந்த பஸ் முதலில் போய்விட்டது. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு இரண்டு தரிப்பு தாண்டி இறங்கினேன்.

நீங்கள் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்து, உங்கள் மகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். அன்று வந்திருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று சொல்லி அழுதார்கள். என்னால் அழ முடியவில்லை. உங்கள் மையித்தைப் பார்த்த அந்த முதல் நிமிடத்திலும் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆறுதல். அதை உங்கள் மகளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு விளங்கும்.

நான் அந்தச் சிறைச்சாலைக்கு வந்து சேர்ந்த பின்னேரம் நினைவிருக்கிறதா? போர் முடிந்து சில வருடங்கள். எங்கள் ஊர் கண்டக்குழியில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒன்றில் நான் அறை கூட்டி, படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை செய்தேன். தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவருடைய கமரா அறையிலிருந்து காணாமல் போனது. அந்த அறையைக் கடைசியாகக் கூட்டியது நான் என்று முகாமையாளர் பொலிசில் சொன்னார். வேறு சாட்சி எதுவும் இல்லை. பதினான்கு நாள் விளக்கமறியல் என்றார்கள். பதினான்கு நாள்தானே என்று மாற்றுச் சட்டை ஒன்றோடு போனேன்.

வாசலில் என் செபமாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் பகுதியின் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டதும் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். தரை தெரியவில்லை. தரை முழுக்க மனிதர்கள். குழந்தையோடு ஒருத்தி, இருமிக்கொண்டு ஒரு கிழவி, சுவரில் சாய்ந்தபடி வாய் திறந்து தூங்குகிற ஒருத்தி. எல்லோருக்குமாக இரண்டு கக்கூஸ். அதில் ஒன்றுக்குக் கதவு கிடையாது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டினால் காலை வரைக்கும் மூலையில் இருந்த வாளிதான். அந்த வாளியிலிருந்து நாலடி தூரத்தில் உங்கள் இடம். நீங்கள் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து, பாயைத் தட்டிக் காட்டினீர்கள்.

“இஞ்ச வா தங்கச்சி. சரிஞ்சு படுத்தா ரெண்டு பேருக்கும் காணும்.”

அன்றிலிருந்து ஐந்து மாதத்துக்கு மேல் நாங்கள் இருவரும் சரிந்தேதான் படுத்தோம். நீங்கள் திரும்பினால் நான் திரும்ப வேண்டும். நான் திரும்பினால் எனக்குப் பின்னால் இருக்கிற நாலு பேரும் திரும்ப வேண்டும். மல்லாந்து படுக்கிற சுகத்தை நான் மறந்தே போனேன்.

தண்ணீர் காலையில் ஒரு மணித்தியாலம் வரும். குளிக்கிறதா, துவைக்கிறதா, குடிக்கப் பிடித்து வைக்கிறதா என்று தினமும் சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்குள் ஒரு சின்னப் போத்தல் தண்ணீரை உங்களுக்கென்று மறைத்து வைப்பீர்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்வதற்கு. தொழுகிற நேரத்தில் முன்னால் யாரும் நடக்காமல் நான் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் முடித்ததும் நான் உட்கார்ந்து விரல் கணுக்களில் அருள்நிறை மந்திரம் எண்ணுவேன். நீங்களும் விரல் கணுக்களில் ஓதி எண்ணுவீர்கள். நாங்கள் இருவரும் வாயசைத்து விரல் மடக்குவதைப் பார்த்து, எதிரில் இருந்த பிள்ளை ஒருத்தி, யாருக்குக் கணக்கு முதலில் முடிகிறது என்று கேட்டுச் சிரிப்பாள்.

உங்கள் கதையைத் துண்டு துண்டாகத்தான் எனக்குச் சொன்னீர்கள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியது. முகாம், பிறகு பாலாவிக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை, பிறகு கல்வீடு. கணவர் இறந்த பிறகு நுரைச்சோலை வெங்காயத் தோட்டத்தில் கூலி. ஒரே மகள். லொறி ஓடுகிற தம்பி ஒருவர், அடிதடி ஒன்றில் பெயர் பட்டு ஓடித் திரிந்தவர். அவரைத் தேடித்தான் அன்று காலை பொலிஸ் உங்கள் வீட்டுக்கு வந்தது. நீங்கள் கதவைத் திறந்தீர்கள், ஆம்பிளைகள் நிற்பதைக் கண்டதும் சாத்தினீர்கள். சாத்திய கதவுக்குள் ஒரு பொலிஸ்காரரின் விரல் அகப்பட்டது. தம்பியைத் தப்ப விடுவதற்காகக் கதவை அறைந்து கடமையிலிருந்த அதிகாரியைக் காயப்படுத்தினார் என்று வழக்கு எழுதினார்கள். தம்பி அன்று வீட்டிலேயே இல்லை.

“அவங்க எழுதினது என்னெண்டு எனக்குத் தெரியாது. சிங்களத்தில எழுதின. ஒப்பம் வை எண்டாங்க, வெச்சன்” என்றீர்கள்.

இதையெல்லாம் கேட்டும், ராத்தா, உங்கள் வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நாலு மாதம் கேட்கவில்லை. என் அம்மா சிலாபத்துப் பக்கம். எட்டாம் வகுப்பு வரைக்கும் நான் சிங்களத்தில் படித்தவள். எழுத, வாசிக்க, கதைக்க எல்லாம் தெரியும். உங்களுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஒரே பாயில் படுத்திருந்த எனக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை. என் தவணை, என் பிள்ளைகள், என் கமரா வழக்கு. தவணைக்குத் தவணை அந்த வெள்ளைக்காரர் நாட்டில் இல்லை, அறிக்கை வரவில்லை என்று பதினான்கு பதினான்காகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். நீங்கள்தான் என் முதுகைத் தடவிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு அந்த இருமல்காரக் கிழவி செத்துப்போனார். காலைக் கணக்கெடுப்பில் எழும்பவில்லை. பக்கத்தில் படுத்தவள் குளிர்ந்துபோன கையைத் தொட்டுவிட்டுக் கத்தினாள். வந்த அதிகாரி கிழவியின் பெயரைக் கேட்டார். யாருக்கும் முழுப் பெயர் தெரியவில்லை. இலக்கத்தைச் சொன்னார்கள். அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு துணியால் மூடித் தூக்கிப் போனார்கள். கிழவி கிடந்த இடம் மத்தியானத்துக்குள் நிரம்பிவிட்டது.

உங்கள் கால் அந்தக் கிழமைதான் வீங்கத் தொடங்கியது. எங்கள் எல்லோருக்கும் சொறி இருந்தது. உங்களுக்கு அதோடு சீனி வருத்தமும். மாதம் ஒருமுறை வருகிற மகள் கொண்டுவந்த குளிசைகளை வெளி மருந்து என்று வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொறிந்த இடம் புண்ணானது, புண் கறுத்தது. நான் அதிகாரி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். டொக்டர் வியாழக்கிழமை வருவார், பெயரைக் கொடு என்றார். பெயர் கொடுத்தோம். மூன்று வியாழன் போனது. ஒரு வியாழன் டொக்டர் வரவில்லை, ஒரு வியாழன் உங்கள் பெயர் வருவதற்குள் நேரம் முடிந்தது, மூன்றாவது வியாழன் இரண்டு பெனடோல் கிடைத்தது. நீங்கள் அந்த இரண்டில் ஒன்றைப் பல்வலிக்காரி ஒருத்திக்குக் கொடுத்தீர்கள்.

அன்று பின்னேரம் உங்கள் காலை மடியில் வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிழவியின் நினைவு வந்தது. பயம் பிடித்தது. அந்தப் பயத்தில்தான் முதல்முறையாகக் கேட்டேன். ராத்தா, கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் உங்களுக்கு என்ன சொல்கிறார்கள்?

“என்ன சொல்ற? கூண்டுல ஏத்துவாங்க. ஒராள் பேப்பரப் பாத்து, எப்ப, எப்ப எண்டு கேப்பாரு. நானும் எப்ப எண்டுதானே கேக்கிறன். மறுகா இறக்கிருவாங்க.”

“எப்ப எண்டா கேக்கிறாரு? தமிழிலயா?”

“தமிழ் இல்ல. வாற முழுக்கச் சிங்களம். அதுக்குள்ள அந்த ஒரு சொல்லு மட்டும் எனக்கு விளங்குற.”

துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது. சிங்களத்தில் பிணையை அவர்கள் சொல்கிற சொல் உங்கள் காதுக்கு ‘எப்ப’ என்றுதான் விழும். எத்தனை மாதமாக அப்படிக் கேட்கிறார் என்று கேட்டேன். நீங்கள் விரல் மடக்கிப் பார்த்தீர்கள். பஸ் இல்லை என்று உங்களை ஒரு தவணைக்குக் கொண்டுபோகாமல் விட்டார்களே, அதற்கு அடுத்த தவணையிலிருந்து என்றீர்கள். எட்டு மாதம்.

நான் எழும்பி, படுத்திருந்தவர்களைத் தாண்டிப் போய் கம்பிக் கதவைத் தட்டினேன். அதிகாரி மிஸ் கோபமாகத்தான் வந்தார். கெட்டவர் இல்லை அவர். அத்தனை பேருக்கும் பகலில் இரண்டு பேர்தான் வேலைக்கு, அவர்களுக்கும் களைப்பு. நான் கெஞ்சியதில் பெரிய கொப்பியை எடுத்துப் புரட்டினார். உங்கள் இலக்கத்தில் விரலை வைத்தார்.

“இவவுக்குப் பிணை குடுத்து எட்டு மாசமாகுதே. ரெண்டு பேர் சரீரப் பிணை. கையெழுத்து வைக்க ஆள் வரேல்ல. வீட்டாக்களுக்கு விருப்பமில்லையாக்கும்.”

உங்களைக் கொண்டுபோகாமல் விட்ட அந்தத் தவணையில்தான் பிணை கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், ராத்தா. அவருக்குத் தெரிந்திருந்தது. கோர்ட்டில் பேப்பர் பார்த்து வாசிக்கிறவருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தவணையும் ‘பிணையாளிகள் வரவில்லை’ என்று எழுதிய கைக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த சட்டத்தரணி அதற்குப் பிறகு வரவே இல்லை. தமிழில் மொழிபெயர்க்க வேண்டிய முதலியார் இரண்டு கோர்ட்டுக்கு ஒருவர். உங்கள் நாளில் அவர் எப்போதும் மற்றக் கோர்ட்டில் இருந்தார். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

திரும்பி வந்து உங்களிடம் சொன்னபோது நீங்கள் கத்துவீர்கள், அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் காலில் கிடந்த ஈரத்துணியை எடுத்து மடித்து வைத்தீர்கள். பிறகு மெதுவாக, “அப்ப நான் இஞ்ச சும்மாவா இருந்திரிக்கிறன்?” என்றீர்கள். பிறகு மறைத்து வைத்த தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கி முகம் கழுவினீர்கள்.

சனிக்கிழமை என் கணவர் பார்க்க வந்தார். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அதிகம் பேசாத மனுசன். அந்தப் பக்கம் ஒரு வலை, இந்தப் பக்கம் ஒரு வலை, நடுவில் ஒரு மிஸ் நடப்பார். இரண்டு பக்கமும் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எங்கள் ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்காமல் உங்களுக்குப் பிணை நிற்க ஆள் தேடச் சொல்லிக் கத்தினேன். அவர் முகம் சுருங்கியது. நான் உள்ளே போனதிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் எனக்காக அலைகிற ஆள்.

“மொகம் தெரியாத ஆளுக்கு நான் எங்க போய்த் தேடுறது?” என்றார்.

நான் கேட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. மிஸ் நேரம் முடிந்தது என்று கையைத் தட்டினார். என் கணவர் திரும்பி இரண்டடி நடந்தார். பிறகு வந்து வலையில் வாயை வைத்து, “சரி, பேரச் சொல்லு. மகள்ட பேரையும் சொல்லு” என்றார்.

அவர் உங்கள் மகளைத் தேடிப் பிடித்தார். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. உம்மாவுக்குப் பிணை கிடைத்த செய்தி அவளுக்கும் தெரியாது. அவள் தெரிந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போனாள். பிணை நிற்பதற்கு அவருடைய கடிதம் வேண்டும். உங்களுடைய ஆட்களின் வாக்கெல்லாம் மன்னாரில் பதிவு, அங்கே போய் எடுங்கள் என்றார். மன்னாருக்கு ஒரு நாள் பஸ்ஸில் போனார்கள். நீங்கள் இருபது வருடத்துக்கு மேலாகப் புத்தளத்தில் இருக்கிறீர்கள், அங்கேதான் எடுக்க வேண்டும் என்று அங்கே திருப்பிவிட்டார்கள். இரண்டு ஊரிலும் உங்கள் சனத்துக்கு ஊர் இல்லாமல் போனது.

அடுத்த சனி என் கணவர் வந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் கண்டக்குழி கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவரே பிணை நிற்கப் போகிறார். இன்னொருவர், நீங்கள் வேலை செய்த வெங்காயத் தோட்டத்துக்காரர். உங்கள் மகள் கேட்டவுடன், பன்னிரண்டு வருடம் என் தோட்டத்தில் குனிந்து நின்ற மனுசி என்று சொல்லிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தாராம். பெண்சாதியை மறியலில் வைத்துக்கொண்டு இன்னொரு பெண்ணுக்குப் பிணை நிற்கிற முதல் ஆள் நீதான் என்று கிராம உத்தியோகத்தர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

போயா பௌர்ணமி விடுமுறையால் என் தவணை ஒரு நாள் தள்ளிப்போய், உங்கள் தவணையோடு ஒன்றாக விழுந்தது. அதைத் தேவ செயல் என்று நான் சொன்னேன், நீங்கள் வேறு சொல்லில் அதையே சொன்னீர்கள். பஸ்ஸில் உங்களுக்கு நிற்க ஏலாது. இருந்த ஒரு இருக்கையை எல்லோரும் உங்களுக்கு விட்டார்கள். உங்கள் காலின் மணத்துக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

கோர்ட்டில் பின்பக்கம் என் கணவரும் தோட்டத்துக்காரரும் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிய சட்டையோடு நின்றார்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் கூண்டைப் பிடித்துக்கொண்டு ஏறினீர்கள். எழுத்தர் பேப்பரைப் பார்த்தார். வழக்குக் கோவை இங்கே இல்லை, விரலின் வைத்திய அறிக்கைக்காக எங்கேயோ அனுப்பியிருக்கிறது, கோவை இல்லாமல் பிணையில் கையெழுத்து வாங்க முடியாது, அடுத்த தவணை என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்களை இறக்கக் கை நீட்டினார்கள்.

நான் மறியல்காரர்களின் வாங்கிலிருந்து எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த மிஸ் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. என் தொண்டை எனக்கே பழக்கமில்லாத சத்தத்தில் கதைத்தது. சிங்களத்தில்தான் கதைத்தேன், உங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

“அம்மா, இவவுக்கு எட்டு மாசத்துக்கு முதல் நீங்க பிணை குடுத்திருக்கிறீங்க. அது பிணை எண்டு இவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. இவவுக்குச் சிங்களம் தெரியாது. பிணையாளிகள் அங்க நிக்கிறாங்க. இவட காலப் பாருங்க.”

நீதவான் ஒரு பெண், என் வயது இருக்கும். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உங்களைப் பார்த்தார். காலை முன்னுக்கு வைக்கச் சொன்னார். யாரும் மொழிபெயர்க்கவில்லை, நான்தான் தமிழில் சொன்னேன். நீங்கள் சீலையை இரண்டு அங்குலம் தூக்கினீர்கள். அவர் எழுத்தரிடம் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் எழும்புவதற்கு முன்னால் அந்தக் கோவை என் மேசையில் இருக்க வேண்டும். முதலியாரையும் கூப்பிடுங்கள்.

கோவை முக்கால் மணித்தியாலத்தில் வந்தது. எங்கேயும் போயிருக்கவில்லை. அடுத்த அறையில், முடிந்த வழக்குகளின் கட்டுக்குள் இருந்தது.

என் கணவர் கையெழுத்து வைத்தார். தோட்டத்துக்காரர் வைத்தார். உங்கள் விலங்கைக் கழற்றினார்கள். மகள் ஓடி வந்து உங்களைப் பிடித்தாள். நீங்கள் வாசலுக்குப் போகாமல் நின்று, திரும்பி என்னைப் பார்த்து, “நீ?” என்றீர்கள். அந்த ஒரு சொல்தான். நான் வருவேன் ராத்தா, நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன். என் தவணை மத்தியானத்துக்குப் பிறகு வந்தது. பதினான்கு நாள்.

அன்று பின்னேரம் பாயில் உங்கள் பாதி வெறுமையாக இருந்தது. மல்லாந்து படுத்தேன். சந்தோசமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் நாள் கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் சரிந்து படுத்தேன்.

என்னுடையது இன்னும் மூன்று கிழமையில், அந்த வெள்ளைக்காரரின் அறிக்கை வந்ததும், முடிந்தது. அந்தக் கமரா வெள்ளைக்காரரின் கூட்டாளியின் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை அவர் இரண்டாம் மாதமே விடுதிக்கு எழுதி அறிவித்துவிட்டார். முகாமையாளர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அதைக் கண்டதும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் கட்டின நாளுக்குப் பிறகு ஆட்களுக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

உங்களை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். இன்னும் பத்து நாள் சுணங்கியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதாக மகள் சொன்னாள். நாலு மாதம் ஒரே பாயில் கிடந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேனே என்று உங்கள் கட்டிலில் தலையை வைத்து அழுதேன். நீங்கள் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினீர்கள்.

“கேக்காம இருந்தவங்க எத்தின பேர். நீ கேட்டியே.”

விரல் வழக்கு அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் இழுத்தது. கடைசி நாள் நானும் வந்து பின்பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அன்று முதலியார் இருந்தார். அதே நீதவான். எல்லாப் பேப்பரையும் பார்த்துவிட்டு, கதவை ஏன் சாத்தினீர்கள் என்று கேட்டார். இத்தனை காலத்தில் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் முறை.

“தலையில சீலை இல்ல, அம்மா. எடுத்துப் போடத்தான் சாத்தின. மறுகா திறந்திருப்பன்.”

முதலியார் அதைச் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பொலிஸ்காரர் சாட்சிக் கூண்டில் நின்றார். விரல் சுகமாகிக் கனகாலம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு அது தெரியாது என்றார். உங்களை விடுதலை செய்தார்கள். வெளியே வந்ததும் நான் வாயில் வந்தபடியெல்லாம் ஏசினேன். நீங்கள் செருப்பைச் சரிசெய்துகொண்டே, “பாவம், அவருக்கும் விரல் நொந்திருக்கும்தானே” என்றீர்கள். எனக்கு இன்னமும் அந்த மனசு வரவில்லை, ராத்தா.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல வருடங்கள் கிடைத்தன. பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும், நத்தார் பண்டிகைக்கு எங்கள் பலகாரம் போகும். ஒருமுறை கண்டக்குழிக்கு வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி மணலில் இரண்டு காலையும் நீட்டி அஸர் தொழுகை நேரம் வரைக்கும் இருந்தீர்கள். என் கணவர் பாரை மீன் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன ஒன்றும் பேசாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நீட்டிக்கொண்டு இருக்கிறேன் என்றீர்கள். அவர் சிரித்தார். எனக்குத்தான் விளங்கியது.

கடைசியில் சீனி வருத்தம் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. செய்தி வந்து நான் ஓடி வந்தபோது உங்களை இன்னும் குளிப்பாட்டவில்லை, அறையில் வைத்திருந்தார்கள். உங்கள் வீடு, உங்கள் கட்டில். யன்னல் திறந்திருந்தது. மகள் தலைமாட்டில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். அறைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் உங்கள் முழுப் பெயர் தெரிந்திருந்தது. எனக்கு அந்தக் கிழவியின் இலக்கம் நினைவுக்கு வந்தது. உங்கள் உயிர் அங்கே போகவில்லை, இங்கே போனது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆறுதலைத்தான் இவ்வளவு எழுதியும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான் இப்போதும் கோர்ட்டுக்குப் போகிறேன். சேவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கருவாடு கொடுக்கப் புத்தளத்துக்கு வருகிற நாளில் வேலை முடிந்தால் கோர்ட் விறாந்தையில் அரை மணித்தியாலம் இருப்பேன். யாராவது தமிழ் முகம் திகைத்துப்போய் வெளியே வந்தால், என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். பல நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் போய் வேலையைப் பார் என்று என்னையே துரத்துவார்கள்.

போன கிழமை ஒரு பிள்ளை, கையில் குழந்தையோடு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருசனை மறுபடியும் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை என்றாள். நான் உள்ளே போய் எழுத்தரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். பிணை கொடுத்திருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும், கையெழுத்து வைக்கிற கோர்ட் கந்தோர் நாலு மணிக்குத்தான் மூடும் என்று சொன்னேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒரு நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீதியைக் கடந்து ஓடினாள். நேரம் அப்போது ஒன்றரை மணி ஆகியிருந்தது. நிறைய நேரம் இருந்தது, ராத்தா.